அரசின் கணனியும் அகதியின் கோப்பும்

விட்பி நகரின் தென்கிழக்கு மூலையில், ஒஷாவா எல்லையை அண்டி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இன்ரெபிட் பூங்கா என்னும் பெயருடன் ஒரு நினைவிடம் உண்டு. ஸ்காபரோவிலிருந்து கிழக்கே கிழக்கே நகர்ந்து வந்து இவ்வூரிற் குடியேறிய எம்மவர் பலரும் அதன் கதையை அறியார். 1941 டிசெம்பரில் அங்கே ‘எக்ஸ் முகாம்’ என்ற உளவாளிப் பயிற்சிக் களம் தொடங்கப்பட்டது. ரொறன்ரோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பெஞ்சமின் பெய்லி அங்கு ‘ஹைட்ரா’ என்னும் தொடர்பாடல் நிலையத்தை அமைத்தார். அத்திலாந்திக்கின் இரு கரைகளுக்கும் இடையே போர்க்காலச் செய்திகள் மறைகுறிகளாக மாற்றப்பட்டு அதன் வழியே சென்றன. 1945இல் ஒட்டாவாவிலிருந்த சோவியத் தூதரகத்தை விட்டு வெளியேறித் தஞ்சம் கோரிய மறைகுறி எழுத்தர் இகோர் குசென்கோவும் அவரது குடும்பமும் சில காலம் மறைத்து வைக்கப்பட்டிருந்ததும் இங்கேதான்.

போர்க்காலத்தில் அரசு தன் எந்திரத்தை மூடி வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் மக்களின் வரிப்பணத்தில் வாங்கப்பட்டு, அம்மக்களுடைய விண்ணப்பங்களையும் வரிக் கணக்குகளையும் மருத்துவக் குறிப்புகளையும் கையாளும் எந்திரத்தையும் அவ்வாறே மூடி வைக்கலாமா? உலகின் பல அரசுகளின் முன் இக்கேள்வி நீண்டகாலமாக நிற்கின்றது. அரசு அலுவலகங்களும் பாடசாலைகளும் கட்டற்ற, திறந்த மூல மென்பொருள்களையே பாவிக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றலாம் என்பது ஒரு சாராரின் வாதம். எதை வாங்குவது என்பதை அலுவலகத்தின் விருப்பத்துக்கே விட்டுவிட வேண்டும் என்பது மறுசாராரின் வாதம். இது பொறியியலாளர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்று எம்மவர் ஒதுங்கிவிடுதல் தகாது. ஒரு கோப்பின் முடிவையே வாழ்வின் முடிவாக எதிர்நோக்கிக் காத்திருக்கும் மக்கள் நாம். அக்கோப்பைத் திறக்கும் கருவி யாருடையது, அது எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்கும் உரிமை எவரையும் விட எமக்கு அதிகம்.

பங்குக் கிணறு

முதலிற் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மென்பொருள் என்பது கணனிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுதி. மனிதர் வாசித்து விளங்கத்தக்க வடிவில் அக்கட்டளைகள் எழுதப்பட்டிருப்பதையே மூலநிரல் என்கிறோம். பெரும்பாலான வணிக நிறுவனங்கள் மூலநிரலைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, எந்திரம் மட்டும் வாசிக்கக்கூடிய வடிவத்தை விற்கின்றன. வாங்கியவர் அதனைப் பாவிக்கலாம். உள்ளே பார்க்கவோ திருத்தவோ மற்றவருக்குக் கொடுக்கவோ முடியாது.

இந்நிலைக்கு எதிராக 1983இல் அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டோல்மன் ‘குனூ’ என்னும் திட்டத்தை அறிவித்தார். எந்த நோக்கத்துக்கும் பாவித்தல், உள்ளே ஆராய்ந்து மாற்றுதல், பிரதி எடுத்துப் பகிர்தல், திருத்திய வடிவத்தையும் பகிர்தல் ஆகிய நான்கு உரிமைகளை உடைய மென்பொருளையே கட்டற்ற மென்பொருள் என அவ்வியக்கம் வரையறுத்தது. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட ‘லினக்ஸ்’ அத்திட்டத்துக்குக் குறையாயிருந்த கருவை வழங்கியது. ‘திறந்த மூலம்’ என்ற சொல் 1998இல் வழக்குக்கு வந்தது. இவற்றை இலவச மென்பொருள் என்று மட்டும் எண்ணுவது பிழை. விலையின்மை இதன் ஒரு பக்கம். உரிமையே இதன் சாரம்.

எமது ஊர் வழக்கில் இதற்கு ஓர் உவமை உண்டு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளைப் பார்த்தவர்கள், நிலத்துடன் சேர்த்துக் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பர். பங்குக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதற்கு எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் கிணறு இறைத்துச் சேறு அள்ளும் நாளில் பங்காளிகள் அனைவரும் வந்து நிற்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் பங்குக் கிணறு போன்றது. உரிமையும் உண்டு, கடமையும் உண்டு. உரிமையை மட்டும் எடுத்துக்கொண்டு கடமையை மறந்த அரசுகள் பட்ட பாட்டைப் பின்னர் காண்போம்.

மூடிய பெட்டியின் தீர்ப்பு

கனடாவின் குடிவரவுத் திணைக்களம் 2018 முதல் ‘சினூக்’ என்ற ஒரு கருவியைப் பாவித்து வருகின்றது. மைக்ரோசொஃப்டின் ‘எக்செல்’ விரிதாளின் மேல் அமைக்கப்பட்ட இக்கருவி, வருகையாளர், மாணவர் போன்ற தற்காலிக விசா விண்ணப்பங்களை ஒரே திரையில் வரிசையாக நிறுத்தி, அதிகாரி விரைந்து பரிசீலிக்க உதவுகின்றது. இப்படியொரு கருவி இருப்பதே 2021 அளவில் நீதிமன்ற வழக்குகளின் வழியாகத்தான் பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது. அதிகாரிகள் பணிபுரியும் விரிதாள்கள் நிரந்தரமாகச் சேமிக்கப்படுவதில்லை என்பதும் அப்போதே வெளிப்பட்டது. இக்கருவி தானாக எந்தத் தீர்மானத்தையும் எடுப்பதில்லை, அதிகாரியே எடுக்கின்றார் என்பது திணைக்களத்தின் விளக்கம். கருவியைப் பாவித்தமை மட்டும் ஒரு தீர்மானத்தைப் பிழையாக்கிவிடாது என்ற நோக்கிலேயே 2022இல் கூட்டாட்சி நீதிமன்றமும் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது.

அகதிக் கோரிக்கைகளைத் தீர்மானிப்பது வேறு அமைப்பு. அங்கே உறுப்பினர் ஒருவர் கோரிக்கையாளரைக் கேட்டு முடிவெடுக்கின்றார். ஆகவே சினூக் தஞ்ச வழக்குகளுக்கு உரியதெனக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எனினும் பேரப்பிள்ளையைப் பார்க்க வரவிரும்பும் தாய்க்கும், தங்கையின் திருமணத்துக்கு வரவிருக்கும் அண்ணனுக்கும் கிடைக்கும் பதில் அவ்வழியே வருகின்றது. திரையில் எந்த விபரம் முன்னே காட்டப்படுகின்றது, எது பின்னே தள்ளப்படுகின்றது, மறுப்புக்கான வாசகங்கள் எவ்வாறு எடுத்துத் தரப்படுகின்றன என்பனவெல்லாம் அப்பதிலைத் தொடுவன. இவற்றை அறிவதற்கு ஒரு குடும்பம் சட்டத்தரணியை அமர்த்தி வழக்காட வேண்டுமா? அரசு தனக்கென ஆக்கிய கருவியின் அமைப்பு முதல் நாளிலேயே பொதுவில் வைக்கப்பட்டிருந்தால் அவ்வழக்குகளின் பாதி வேலை குறைந்திருக்கும் என்பதே எமது எண்ணம்.

பெருந்தொற்றுக் காலத்தில் இதே நாட்டில் இருவகை அனுபவமும் கிட்டின. 2020 யூலை 31இல் வெளியான ‘கோவிட் அலேர்ட்’ என்னும் கைத்தொலைபேசிச் செயலி, தொண்டர்களின் திறந்த மூலப் பணியிலிருந்து வளர்ந்தது. ஒன்ராறியோவில் முதலில் நடைமுறைக்கு வந்த அதன் மூலநிரலை எவரும் வாசிக்க முடிந்தது. இருப்பிடத்தை அது பதிவதில்லை என்ற அரசின் உறுதிமொழியைச் சரிபார்க்கவும் முடிந்தது. அச்செயலி 2022 யூனில் நிறுத்தப்பட்டது. மறுபுறத்தில் எல்லையைக் கடப்போர் நிரப்ப வேண்டியிருந்த ‘அறைவ்கான்’ செயலி மூடிய பெட்டியாகவே இருந்தது. 2022இல் அதில் ஏற்பட்ட பிழையால் ஏறத்தாழ 10,000 பயணிகளுக்குத் தனிமைப்பட வேண்டுமெனத் தவறான அறிவித்தல் சென்றது. அச்செயலிக்கு ஏறக்குறைய 5 கோடியே 95 இலட்சம் டொலர் செலவாகியிருக்கலாம் என்றும், பதிவேடுகள் சீரில்லாமையால் சரியான தொகையைக் கணிக்க இயலவில்லை என்றும் கணக்காய்வாளர் நாயகம் கேரன் ஹோகன் 2024 பெப்ரவரியில் அறிக்கையிட்டார்.

பிரித்தானியாவில் நடந்தது இதனினும் கொடிது. அங்கே உப அஞ்சலகங்களை நடத்தியோரிற் தெற்காசிய வழிவந்தோர் பலர். அவர்களுடைய கணக்குகளைப் பதிந்தது ‘ஹொறைசன்’ என்ற மென்பொருள். இல்லாத பற்றாக்குறையை அது காட்டியபோது, பணத்தைத் திருடினார்கள் என்று 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். சிலர் உயிரை மாய்த்தனர். கணனி சரியாகவே இயங்கியது என்று எடுகோளாகக் கொள்ளும் சட்டநிலை அங்கே நிலவியது. பிழை இருந்தது என்பதை நிறுவ வேண்டிய பாரம், உள்ளே பார்க்க அனுமதியில்லாத ஏழைக் கடைக்காரரின் தோளில் விழுந்தது. 2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் மென்பொருளின் குறைகளை உறுதிசெய்தது. 2024 மே மாதத்திலேயே தனிச் சட்டத்தின் மூலம் அத்தீர்ப்புகள் கூட்டாக நீக்கப்பட்டன.

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் இத்தகைய அநீதிகள் நிகழ்ந்திரா என நாம் துணிந்து கூறோம். அதிகாரிகளின் பிடிவாதத்துக்கு நிரலில் மருந்தில்லை. ஆனால் குற்றஞ்சாட்டப்பட்டவர் சார்பில் ஒரு நிபுணர் பெட்டியைத் திறந்து பார்க்கும் வழி இருந்திருக்கும். அவ்வழி இருபது ஆண்டுகளை மிச்சப்படுத்தியிருக்கக் கூடும்.

எழுத்துகளைப் பூட்டிய கதை

அரசின் கருவியைப் பற்றிப் பேசும் நாம், எமது மொழிக்கு நேர்ந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளில் புலம்பெயர் நாடுகளில் வெளியான தமிழ்ப் பத்திரிகைகளும் மலர்களும் மரண அறிவித்தல்களும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் அச்சுக் கோக்கப்பட்டன. ஈழத்தவர் மத்தியில் ‘பாமினி’ எழுத்துரு பெரிதும் பரவியிருந்தது. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்ததே இவ்வெழுத்துருக்களின் உபாயம். பாமினியில் ‘அம்மா’ என்று தட்டியவரின் கோப்பினுள் உண்மையில் இருந்தது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளே. எழுத்துரு இல்லாத கணனியில் அம்மா இல்லை. அந்த ஐந்து குறிகளின் குப்பையே இருந்தது.

ஒருவரின் கோப்பை மற்றவர் திறக்க முடியாத இந்நிலையை மாற்ற முயன்றவர்கள் பெரும்பாலும் அரசுகளல்லர், ஆர்வலர்கள். சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார். இணைய மடலாடற் குழுக்களில் உலகத் தமிழர் கூடி 1997 முதல் விவாதித்து ‘திஸ்கி’ என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினர். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை மின்பதிப்பாக்கி எவருக்கும் விலையின்றி வழங்கியது. 2005இல் ஈழத்து இளைஞர்கள் தொடங்கிய நூலகம் திட்டம், எரிக்கப்பட்டதும் இடம்பெயர்ந்ததுமான எமது எழுத்துலகை மின்வடிவிற் சேர்த்து வருகின்றது. விக்கிப்பீடியாவை இயக்கும் கட்டற்ற மென்பொருளான ‘மீடியாவிக்கி’ மீதே அந்நூலகம் கட்டப்பட்டது என்பது இங்கே நினைவு கூரத்தக்கது. உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருளொன்றின் மேல் அதனைக் கட்ட அன்று எவரிடம் பணம் இருந்தது?

அரசின் கட்டளைக்கும் இக்கதையில் ஓரிடம் உண்டு. 1999 பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற ‘தமிழிணையம் 99’ மாநாட்டின் பயனாகத் தமிழ்நாடு அரசு, தமிழ் 99 விசைப்பலகையையும் டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் தரமாக அறிவித்தது. 2010 யூனில் யூனிகோட் முறையையும் அதனுடன் ‘டேஸ் 16’ முறையையும் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. ஆயினும் ஆணைக்குப் பின்னரும் பல அலுவலகங்களிற் பழைய தனியார் எழுத்துருக்கள் நெடுங்காலம் நிலைத்தன. தட்டச்சாளரின் விரற்பழக்கமும் அலமாரி நிறைந்த பழைய கோப்புகளும் ஓர் ஆணையால் ஒரே நாளில் மாறுவன அல்ல. அரசு கட்டாயப்படுத்தினால் மட்டும் போதுமா என்ற வினாவுக்கு இது முதற் பாடம்.

கேரளமும் தமிழகமும்

இரண்டாவது பாடத்தை எமது அயல் மாநிலங்கள் இரண்டும் தருகின்றன. கேரளத்தில் 2001 அளவில் ‘ஐ.டி. அற் ஸ்கூல்’ என்ற பாடசாலைக் கணனித் திட்டம் உருவானது. ஆரம்பத்தில் அதன் பாடத்திட்டம் ஒரு தனியார் நிறுவனத்தின் பொருள்களைச் சார்ந்திருந்தமையால் ஆசிரியர் சங்கத்தினரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2006 அளவில் அரசு தெளிவான திசையை எடுத்தது. பாடநூல், செய்முறைத் தேர்வு, ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றும் ஒருங்கே லினக்ஸ் பக்கம் திரும்பின. பாடசாலைத் தேவைக்கேற்ப மலையாளத்திலும் தமிழிலும் இயங்கத்தக்க பதிப்பும் ஆக்கப்பட்டது. 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணனிகளில் இதனைப் பாவிப்பதால் ரூபா 3,000 கோடி மிச்சமாவதாக 2019இல் அத்திட்டத்தை நடத்தும் அரசு நிறுவனம் கணக்குக் காட்டியது. அத்தனை மென்பொருளையும் முழு விலைக்கு வாங்கியிருந்தால் என்ற எடுகோளின் மீதே அக்கணக்கு நிற்கின்றது. ஆகவே அதனைச் சற்றுக் குறைத்தே மதிக்க வேண்டும். ஆயினும் ஏழைப் பாடசாலை மாணவனும் வசதியுள்ள மாணவனும் ஒரே கருவியைத் திருட்டுப் பிரதியின்றி வீட்டுக்குக் கொண்டு செல்லக்கூடிய நிலை அங்கே ஏற்பட்டது. இது கணக்கில் அடங்காத இலாபம்.

தமிழ்நாட்டில் 2006க்கும் 2008க்கும் இடையில், எல்கொட் என்னும் அரசு நிறுவனத்தின் நிருவாக இயக்குநராயிருந்த சி. உமாசங்கர் ‘சூசே லினக்ஸ்’ முறையைப் பெருமளவில் நடைமுறைப்படுத்தினார். 2007இல் மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் ‘பொஸ்’ என்னும் இந்திய லினக்ஸ் பதிப்பைச் சென்னையிலிருந்து வெளியிட்டது. 2011 செப்ரெம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணனித் திட்டத்தில் விண்டோஸ், பொஸ் லினக்ஸ் இரண்டும் அருகருகே இடம்பெற்றன. 2014 ஏப்ரலில் ‘விண்டோஸ் எக்ஸ்பி’க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியபோது, திணைக்களங்கள் பொஸ் லினக்ஸுக்கு மாறுமாறு அரசு அறிவுறுத்தியது.

முயற்சிகள் இரு மாநிலத்திலும் இருந்தன. வேறுபாடு எங்கே? கேரளத்தில் கருவிக்கு முன்னே ஆசிரியர் ஆயத்தம் செய்யப்பட்டார். தமிழகத்தில் கருவி முன்னே சென்றது. பாடத்திட்டமும் பயிற்சியும் அதே கட்டுறுதியுடன் பின்தொடரவில்லை. ஆணை அதிகாரியுடன் வந்து அதிகாரியுடன் போகும். ஆசிரியர் சமூகம் ஏற்றுக்கொண்ட வழக்கம் ஆட்சி மாறினும் நிலைக்கும். கேரளத்தில் ஆட்சிகள் மாறியபோதும் இக்கொள்கை நிலைத்தது.

மறுப்போர் கூறுவன

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையுடன் நோக்குவோம். முதலாவது, தெரிவுச் சுதந்திரம். எது சிறந்ததோ அதனை வாங்கட்டும், அரசு ஏன் ஒரு வகையை மட்டும் திணிக்க வேண்டும் என்பர். பேரு நாட்டில் 2001இல் முன்வைக்கப்பட்ட சட்டமூலத்தின் மீது இதே வாதம் எழுந்தது. 2002இல் பாராளுமன்ற உறுப்பினர் எட்கர் வில்லனுவேவா மைக்ரோசொஃப்டின் உள்ளூர் அதிகாரிக்கு எழுதிய பகிரங்க மறுமொழி உலகெங்கும் பேசப்பட்டது. குடிமக்களின் தகவல் அரசிடம் உள்ள அடைக்கலப் பொருள். அதனை எவரும் அணுகவும், நீண்டகாலம் பேணவும், பாதுகாப்பைச் சோதிக்கவும் இயல வேண்டும் என்பதே அவரது வாதத்தின் சாரம். எனினும் 2005இல் அங்கே நிறைவேறிய சட்டம் கட்டாயத்தை விடுத்து, எல்லா வகை மென்பொருளையும் நடுநிலையுடன் ஒப்பிட்டு வாங்க வேண்டும் என்ற அளவிலேயே நின்றது.

நடுநிலை என்ற சொல்லும் பல வேளைகளில் ஏட்டளவிலேயே நின்றுவிடுகின்றது என்பதற்குக் கியூபெக் சான்று. அங்கே அரசு ஓய்வூதிய அமைப்பொன்று கேள்விப்பத்திரம் கோராமலே மைக்ரோசொஃப்ட் பொருள்களை வாங்கியது சட்டவிரோதம் என 2010 யூனில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தது மொன்றியலைச் சேர்ந்த ஒரு லினக்ஸ் நிறுவனம். பூட்டிய பொருளுக்குப் பழகிய அலுவலகம் வேறொன்றை எண்ணிப் பார்ப்பதேயில்லை. அங்கே தெரிவு என்பது பழக்கத்தின் மறுபெயர்.

இரண்டாவது வாதம் மாற்றத்தின் செலவு. ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2013 அளவில் ஏறக்குறைய 15,000 கணனிகளை மாற்றியது. 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்பத் தீர்மானித்தது. 2020இல் புதிய கூட்டணி மறுபடியும் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை என்றது. பயனர்களின் முறைப்பாடுகளும், வெளியுலகுடன் கோப்புகளைப் பரிமாறுவதிலிருந்த இடர்ப்பாடுகளும், நகர முதல்வரின் மாற்றமும் அக்கதையிற் சேர்ந்துள்ளன. இதே ஜேர்மனியில் ஷ்லேஸ்விக்-ஹொல்ஸ்டைன் மாநிலம் 2024 ஏப்ரலில் தன் 30,000 கணனிகளைத் திறந்த மூல அலுவலக மென்பொருளுக்கு மாற்ற முடிவெடுத்தது. ஆகவே மியூனிக்கை வைத்து முடியாது என்றும், ஷ்லேஸ்விக்கை வைத்து எளிது என்றும் எவரும் சாதிக்க முடியாது.

மூன்றாவது வாதமே கனதியானது. நிரலைத் திறந்து வைத்தால் கள்வருக்கும் வழி தெரிந்துவிடுமே என்பர். எக்ஸ் முகாமின் மறைகுறி வல்லுநர்களே இதற்கு விடை அறிந்தவர்கள். எந்திரம் எதிரியின் கையில் விழுந்தாலும் செய்தி பாதுகாப்பாக இருக்க வேண்டும், திறவுகோல் ஒன்றே இரகசியமாக இருந்தாற் போதும் என்பது 1883இல் ஒகூஸ்ட் கெர்க்ஹொஃப்ஸ் வகுத்த நெறி. நல்ல பூட்டின் அமைப்பை ஊரறிந்தாலும் சாவியின்றித் திறக்க இயலாது.

ஆனால் திறந்திருப்பது மட்டும் காவலாகிவிடாது. 2014 ஏப்ரலில் ‘ஓப்பின் எஸ்எஸ்எல்’ என்ற திறந்த மூல மென்பொருளில் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் ஓட்டை வெளிப்பட்டது. கனடிய வருமானவரி முகவரகத்திலிருந்து ஏறத்தாழ 900 பேரின் சமூகக் காப்புறுதி இலக்கங்கள் அதனூடாகத் திருடப்பட்டன. உலகின் வங்கிகளும் அரசுகளும் நம்பியிருந்த அம்மென்பொருளுக்கு ஆண்டுதோறும் கிடைத்து வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 அமெரிக்க டொலர் மாத்திரமே. 2021 டிசெம்பரில் ‘லொக் ஃபோர் ஜே’ ஓட்டை வெளிப்பட்டபோது, கியூபெக் அரசு முன்னெச்சரிக்கையாக ஏறக்குறைய 4,000 இணையத்தளங்களை மூட நேர்ந்தது. எல்லோரும் தண்ணீர் அள்ளினர். கிணறு இறைக்க எவரும் வரவில்லை. கட்டற்ற மென்பொருளை விலையற்றது என்பதற்காக மட்டும் அரசு கட்டாயமாக்குமாயின் இதே விபத்தையே அது மேலும் பெருக்கும். மிச்சமாகும் உரிமக் கட்டணத்தின் ஒரு பங்கு பராமரிப்புக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

இனி, இவையெல்லாம் தொண்டர்களின் விளையாட்டுப் பொருள்கள் என்ற இளக்காரத்துக்கு ஒரு சொல். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இலங்கைக் கரைகளை விழுங்கியபோது, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவதற்கான ‘சகானா’ என்ற திறந்த மூல மென்பொருளை இலங்கைத் தொண்டர்கள் சில நாள்களில் உருவாக்கினர். பின்னர் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெயிற்றியிலும் அது பயன்பட்டது. உரிம ஒப்பந்தம் எழுதி முடியும்வரை வெள்ளம் காத்திருப்பதில்லை.

எதைக் கட்டாயமாக்குவது?

இவை யாவற்றையும் சீர்தூக்கி நோக்குமிடத்து, ‘கட்டாயம் வேண்டுமா, வேண்டாமா’ என்ற வினாவே சற்றுப் பரும்படியானது எனத் தோன்றுகின்றது. எதைக் கட்டாயமாக்குவது என்று கேட்டால் விடை தெளிவாகும்.

முதலாவது, கோப்பு வடிவங்களும் எழுத்துக் குறியேற்றங்களும் திறந்த தரத்தில் இருக்க வேண்டும் என்பது விலக்கில்லாத கட்டாயமாக வேண்டும். அரசு தரும் சான்றிதழை, தீர்ப்பை, படிவத்தை எந்தக் கணனியிலும் எந்த ஆண்டிலும் திறக்க இயல வேண்டும். எம், கே, அரைப்புள்ளி என்று அம்மாவை இழந்த சமூகத்துக்கு இதன் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, பொதுப்பணத்தில் எழுதுவிக்கப்படும் நிரல் பொதுவில் வைக்கப்படுவதும் கட்டாயமாக வேண்டும். எம்மவர் பல்லாயிரவர் தஞ்சம் பெற்ற சுவிற்சர்லாந்து இதற்கு வழிகாட்டியுள்ளது. 2023 மார்ச்சில் நிறைவேறி 2024 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, கூட்டாட்சி அமைப்புகள் தாம் ஆக்கும் அல்லது ஆக்குவிக்கும் மென்பொருளின் மூலநிரலை வெளியிட வேண்டும். பிறரின் உரிமையோ பாதுகாப்போ பாதிக்கப்படும் இடங்களில் மட்டும் விலக்கு உண்டு. விலக்கைக் கோரும் அரசே காரணம் காட்ட வேண்டும்; கேட்கும் குடிமகன் காரணம் காட்ட வேண்டியதில்லை. இந்த இடமாற்றமே அச்சட்டத்தின் உயிர். மனிதரின் உரிமையைத் தொடும் கருவிகளுக்கு, குறிப்பாகக் குடிவரவு, வரி, நீதி ஆகிய துறைகளின் கருவிகளுக்கு, இவ்விதி மிகக் கண்டிப்பாகப் பொருந்த வேண்டும். 2020 ஓகஸ்டில் பிரித்தானிய உள்துறை அமைச்சு, விண்ணப்பதாரரின் நாட்டை ஓர் அளவுகோலாகக் கொண்டு விசா விண்ணப்பங்களைத் தரம்பிரித்த கருவியொன்றை, வழக்கு விசாரணைக்கு வருமுன்னரே கைவிட்டது. வெளிச்சம் பட்டவுடன் நிற்க முடியாத கருவிகள் இருட்டிலேயே ஆண்டுக்கணக்கில் இயங்கி வந்தன என்பதை இது காட்டவில்லையா?

மூன்றாவது, மேசைமேல் எந்தப் பொருள் இருக்க வேண்டும் என்பது. இதில் முன்னுரிமை போதும். கட்டாயம் வேண்டாம் என்பதே எமது நிலைப்பாடு. பூட்டிய பொருளை வாங்க விரும்பும் அலுவலகம் அதற்கான காரணத்தை எழுத்தில் வெளியிடட்டும். இந்திய மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை ஏறத்தாழ இதனையே கூறுகின்றது. கேரளத்தைப் போல் ஆசிரியரும் பாடநூலும் ஆயத்தமாக உள்ள இடத்தில் கட்டாயம் தானே கனியும். ஆயத்தமில்லாத இடத்தில் அது மியூனிக்கைப் போல் முன்னும் பின்னும் ஆடும்.

கனடாவின் நிலை என்ன? 2018 முதல் கூட்டாட்சி அரசின் வழிகாட்டல், இயன்றவிடத்துத் திறந்த தரங்களையும் திறந்த மூலத்தையும் முதலில் நோக்க வேண்டும் என்கின்றது. 2019இல் நடைமுறைக்கு வந்த தன்னியக்கத் தீர்மானங்கள் பற்றிய பணிப்புரை, அரசுக்குச் சொந்தமான நிரலை விலக்குகளுடன் வெளியிடுமாறு பணிக்கின்றது. நல்ல சொற்கள்தாம். ஆனால் ‘இயன்றவிடத்து’ என்ற ஒரு சொல் ஒரு சட்டத்தையே விழுங்கிவிடக் கூடியது. விரிதாளின் மேல் கட்டப்பட்ட ஒரு கருவி தானாகத் தீர்மானிப்பதில்லை எனச் சொல்லப்படுமாயின், அதனைப் பணிப்புரை தொடாமலே போகலாம். பணிப்புரை சட்டமாக வேண்டும்; கருவியின் பெயரைக் கொண்டன்றி அதன் விளைவைக் கொண்டு அது அளக்கப்பட வேண்டும்.

எம்மால் இயல்வது யாது? கனடாவில் உள்ள எவரும், குடியுரிமை இல்லாதவர்களும் கூட, தகவல் அறியும் சட்டத்தின் கீழ் தமது குடிவரவுக் கோப்பின் குறிப்புகளை 5 டொலர் கட்டணத்துடன் கேட்டுப் பெறலாம். மறுப்புக் கடிதத்தின் இரண்டு வரிகளோடு நின்றுவிடாது அதிகாரியின் குறிப்பை வாசியுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு வாசிப்பியுங்கள். டர்ஹம் பிராந்தியத்தின் தலைமையகம் விட்பியிலேயே உள்ளது. நகரசபைக்கும் கல்விச்சபைக்கும் வாக்குக் கேட்டு எமது வாசலுக்கு வருவோரிடம், எமது வரியில் எழுதுவிக்கும் நிரலை வெளியிடுவீர்களா, எமது பிள்ளைகளின் தரவு எப்பெட்டியில் இருக்கின்றது என்று கேட்பதற்குக் கணனிப் பட்டம் தேவையில்லை. கோயில்களும் பழைய மாணவர் சங்கங்களும் தம் பழைய மலர்களின் கோப்புகளை இன்றே யூனிகோடுக்கு மாற்றி நூலகம் போன்ற திட்டங்களிற் சேர்ப்பித்தல் அவசியம். அந்த எழுத்துருவை அறிந்தவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர்.

அடைக்கலம் தந்த நாட்டிடம் கேள்வி கேட்பது நன்றிகெட்ட செயல் என எண்ணுவோரும் எம்மிடையே உண்டு. நாம் அவ்வாறு எண்ணவில்லை. கேள்வி கேட்க இயலாத நாட்டை விட்டே நாம் வந்தோம். தண்ணீருக்குப் பங்கு உண்டென்றால், கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதற்கும் பங்கு உண்டு.